ஜில்லாவுக்கே ஒத்த வண்டி

வண்டின்னா என்ன? ரெண்டு சக்கரம், ஒரு ஹாரன், பெட்ரோல் ஊத்துனா ஓடணும். அதுக்கு மேல அதுல என்னத்தக் கண்டாகன்னு கேக்குற ஆளு நான். அப்பேர்ப்பட்ட என்னையவே ஒரு வண்டி படுத்துன பாடு இருக்கே, ஆத்தாடி, பகையாளிக்குக்கூட வரப்படாது.

என் பேரு முத்துப்பேச்சி. அருப்புக்கோட்டைப் பக்கத்துலருந்து பொழப்புத் தேடி இந்தப் பனியன் ஊருக்கு வந்து நெருப்பெரிச்சல்ல குடியிருக்கோம். செங்கோட்டையன் மொதலாளி பனியன் கம்பெனியில நான் ஓவர்லாக் மிசின் ஓட்டுற டெய்லர். எங்க வீட்டுக்காரக முனீஸ் அதே கம்பெனியில பாலோ-அப். வெளியூருக்காரகளுக்கு அது என்ன வேலைன்னு புரியாது. ஒரு பனியன் தையலுக்கு வர்றதுக்கு முன்னால அந்தத் துணி ஊரெல்லாம் சுத்தும். சாயம் போடுறது ஒரு எடம், பிரிண்ட் அடிக்கிறது ஒரு எடம், சலவை ஒரு எடம். எந்தத் துணியை எங்க குடுக்கணும், எப்ப வாங்கிட்டு வரணும், அம்புட்டும் பாலோ-அப் ஆளு பொறுப்பு. காலையில ஏறுனா பொழுது சாயுற வரைக்கும் வண்டியிலதான். முன்னாடி டேங்கு மேல ஒரு துணி மூட்டை, பின்னாடி ஒரு மூட்டை, நடுவுல மனுசன் ஒடுங்கி உக்காந்து, மூட்டைக்கு மேல எட்டி எட்டி ரோட்டைப் பாத்து ஓட்டுவாக. பதினேழு வருசம் அப்பிடித்தான் ஓடுச்சு.

இந்த வேலையில ஒரு கேடு இருக்கு. துணியை எந்த யூனிட்டுக்குக் குடுக்குறதுன்னு முடிவு பண்ற ஆளுக்கு, அந்த யூனிட்டுக்காரன் சத்தமில்லாம பீசுக்கு இம்புட்டுன்னு கமிஷன் குடுப்பான். எங்க கம்பெனியில முன்னால இருந்த பாலோ-அப் அப்பிடி வாங்கியே மாடி வீடு கட்டிட்டான். மொதலாளிக்குத் தெரிஞ்ச அன்னைக்கு அவனைக் கேட்டுக்கு வெளியவே நிப்பாட்டி, ஒரு வார்த்தை திட்டாம அனுப்பிட்டாரு. அதுக்கப்பறம் இந்த ஊர்ல எவனும் அவனுக்கு வேலை குடுக்கலை. எங்க வீட்டுக்காரக ஒத்த ரூபா தொட்டதில்லை. தீபாவளிக்கு யூனிட்டுக்காரக குடுக்குற ஸ்வீட் பாக்ஸைக்கூடக் கம்பெனிக்குக் கொண்டாந்து செக்கிங் பொம்பளைகளுக்குப் பிரிச்சுக் குடுத்துருவாக. எனக்கு ஒரு மைசூர்பாகுகூட மிஞ்சாது. "ஊரு ஒலகத்துக்கெல்லாம் குடுப்பீக, கட்டுனவ வாய்க்கு மட்டும் பூட்டா?"ன்னு எத்தனை சண்டை போட்டிருப்பேன். ஆனாலும் உள்ளுக்குள்ள பெருமைதான். நெலம் கெடையாது, நீச்சு கெடையாது, எங்களுக்கு இருந்தது அந்தப் பேரு ஒண்ணுதான்.

அந்தப் பேருக்குத்தான் வண்டி ரூபத்துல வந்துச்சு வெனை.

பேண்ட்டுக்குக் கோக்குற நாடா வாங்க ஒரு நாள் பொங்கலூர் போயிருக்காக. அங்கன கோழிப்பண்ணை வச்சிருக்குற கதிர்வேல்ங்கிறவரு வாசல்ல அந்த வண்டி நின்னுருக்கு. வெளிநாட்டு வண்டி. பேரைச் சொல்ல எனக்கு நாக்கு சுத்தாது. மலை, மணலு, ஆத்துப் பள்ளம்னு எங்க விட்டாலும் போகுமாம். கொக்கு மாதிரி நெட்டக் காலு, தூக்கி வச்ச மூக்கு. 'விற்பனைக்கு'ன்னு ஒரு அட்டை வேற தொங்கியிருக்கு. மறுநாள் மத்தியானம் கம்பெனிக்குப் பின்னால வேப்ப மரத்தடியில ரெண்டு பேரும் சாப்பிட உக்காந்தோம். மனுசன் சோத்தைப் பெசையுறாக, வாயில வைக்கலை.

"என்ன, குழம்புல உப்பு இல்லையா?"ன்னேன்.

"பேச்சி, அந்த வண்டியில டேங்கு மேல மூட்டை வைக்கவே முடியாது. சரிஞ்ச மாதிரி இருக்கு."

"அப்பறம் என்ன எழவுக்கு அது?"

"அதுக்குத்தான்டி" அப்பிடின்னாக. "மூட்டைக்குப் பின்னாலருந்தே ரோட்டைப் பாத்துப் பாத்துக் கழுத்து வளைஞ்சு போச்சு. ஒரு வண்டியாவது நேரா உக்காந்து ஓட்டணும்."

நான் நல்லா ஏசிட்டேன். நாப்பது வயசுக்கு மேல நாய்க்குட்டி ஆசை கணக்கா இதென்ன ஆசைன்னு கேட்டேன். எதுத்துப் பேசியிருந்தா இன்னும் நாலு ஏசியிருப்பேன். பெசைஞ்ச சோத்தைக் காக்காய்க்கு வச்சுட்டுக் கையைக் கழுவப் போனாக பாருங்க, அதுலதான் நான் மடங்கிட்டேன். இந்த மனுசன் எங்கிட்ட இது வேணும்னு எதையும் கேட்டதே இல்லை. சட்டை எடுத்துக் குடுத்தாலே எதுக்குன்னு கேக்குற ஆளு. அந்த வாரம் ஞாயித்துக்கிழமை நானே கெளம்பி, "வாங்க, அது என்ன வண்டின்னு நானும் பாக்குறேன்"னு கூட்டிட்டுப் போனேன்.

கதிர்வேலு முட்டியில ஆபரேசன் பண்ணிக் கம்பு ஊனி நடந்து வந்தாரு. தண்ணி குடுத்தாரு, எளநி வெட்டச் சொன்னாரு. வண்டியை விக்கணும்னு நினைப்பு இருக்குற ஆளு மாதிரியே பேசலை.

"பொய் சொல்லி விக்கமாட்டனுங்க அம்மிணி. ஜில்லாவுக்கே இது ஒண்ணுதானுங்க. அதனால எந்த மெக்கானிக்கும் கை வெக்க மாட்டான். சர்வீசுக்குப் பெங்களூரு போகோணும். போன வருசம் கிளட்ச் லீவரு ஒடஞ்சு போச்சுங்க. அது கப்பல்ல வர்ற வரைக்கும் வண்டி தீவன மூட்டையோட மூட்டையா நின்னுச்சு. டவுனுக்குள்ள ஓட்டுனா தொடையெல்லாம் சூடு அடிக்கும். மைலேஜைக் கேக்காதீங்க, மனசு சங்கடப்படும். திருப்பி விக்கலாம்னு நெனைச்சா அதுவும் லேசுல நடக்காதுங்க. என்னையே பாருங்க, எம்பட காலு நல்லானாலும் ஆயிரும், இது விக்காது போலிருக்குது."

"இம்புட்டுக் கொறை சொல்றீகளே, அப்பறம் எதுக்குங்க வாங்குனீக?"ன்னு கேட்டேன்.

"ஒரு ரவுண்டு போயிட்டு வந்து கேளுங்க"ன்னு சாவியை நீட்டுனாரு.

ஏறுறதே ஒரு சோலி. சேலையைத் தூக்கிச் சொருகி, பரண் மேல ஏறுற மாதிரி ஏறினேன். எங்க வீட்டுக்காரக உசரம் கம்மி. உக்காந்தா ஒரு காலு நுனிதான் தரையைத் தொடுது, இன்னொரு காலு அந்தரத்துல ஆடுது. பல்லடம் முக்குல பிடிச்சுச்சு சனி. சிக்னலுக்கு நிக்கணும், பின்னால ஒரு தனியார் பஸ்சு முதுகுல மோதுற மாதிரி வந்து ஹாரனை அமுக்குறான். வண்டி எடது பக்கமாச் சாயுது. அவுக காலு ரோட்டைத் தேடுது, கெடைக்கலை. "ஏங்க, ஏங்க"ன்னு கத்துறேன். அம்புட்டுக் கனத்தோட நாங்க பஸ்சுக்கு முன்னால விழப்போறோம்னு நெனச்சேன். கடைசி நேரத்துல இடுப்பை ஒரு வெட்டு வெட்டி, நுனி விரலை ஊனி நிமித்திட்டாக. "இந்தக் கழுதையே வேண்டாம், எறக்கி விடுங்க, நான் பஸ்சுல வர்றேன்"னு காதுக்குள்ளயே கத்துனேன்.

பச்சை விழுந்துருச்சு. எறங்க முடியலை.

டவுனைத் தாண்டி ஒரு குறுக்கு ரோட்டுல விட்டாக. அந்த ரோட்டுல இருக்குற குழியெல்லாம் எனக்கு மனப்பாடம், ஒவ்வொண்ணும் என் இடுப்புல வாங்குனது. பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், ஒண்ணையும் காணோம். குழியை ரோட்டுலருந்து யாரோ எடுத்துட்டாகளான்னு திரும்பிப் பாத்தேன், அங்கனதான் கெடக்கு. ரோட்டோரத்துக் காம்பவுண்டுச் சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு எனக்கு எந்தக் காலத்துலயும் தெரியாது. அன்னைக்குத் தெரிஞ்சுச்சு. தென்னந்தோப்பு இருக்கு, அதுல மயிலு நிக்கிது. முன்னால பாத்தா எங்க வீட்டுக்காரக முதுகு நிமிந்து இருக்கு. கல்யாணம் ஆன நாளா அந்த முதுகு அப்பிடி நிமிந்து நான் பாத்ததில்லை. எனக்கு அழுகை வந்துருச்சு, போங்க.

திரும்பி வர்ற வழியெல்லாம், பழைய வண்டியில உக்காந்துக்கிட்டே, எங்களுக்குள்ள பட்டிமன்றம்தான். ஒடஞ்சா சாமான் கெடைக்காதுன்னு நான். ஒடையாம ஓட்டுவேன்னு அவுக. காலு எட்டலைன்னு நான். சீட்டைச் செதுக்கிக் கொறைக்கலாம்னு அவுக. மொதலாளி வேலைக்கு இது ஆகாதே, மூட்டை எங்க வைப்பீகன்னு கேட்டேன். கம்பெனி வேலைக்குப் பழைய வண்டி இருக்கட்டும், இது ஞாயித்துக்கிழமைக்குன்னாக. ஞாயித்துக்கிழமைக்கு ஒரு வண்டியா, நாமென்ன மில்லு மொதலாளியான்னு சிரிச்சேன். அப்பறம் நானே சொன்னேன், "நான் போட்டுட்டு வர்ற ஏலச்சீட்டை எடுத்துக்கலாம்." அவுக வண்டியை ஓரமா நிப்பாட்டிட்டாக.

சாதா வண்டின்னா வாங்கலாமா வேண்டாமான்னு யோசிச்சு, வாங்கி, வீட்டுல நிப்பாட்டி, ஒரு வாரம் கழிச்சு ஊருக்குத் தெரியும். இது ஜில்லாவுக்கே ஒத்த வண்டியாச்சே. பல்லடம் சிக்னல்ல நாங்க தள்ளாடுன நேரம், பக்கத்துல கார்ல தமிழ்செல்வன் நின்னுருக்காரு. எங்க கம்பெனிக்குப் பிரிண்ட் அடிச்சுக் குடுக்குற யூனிட் அவரோடதுதான். எங்க வீட்டுக்காரகன்னா அவருக்கு உசுரு, "அண்ணா, அண்ணா"ன்னுதான் கூப்பிடுவாரு. வீடியோ எடுத்துட்டாரு. எடுத்தாரே, பாத்துட்டுப் பேசாம இருந்தாரா? வாட்ஸ்அப்புல ஸ்டேட்டஸ் போட்டுட்டாரு. சும்மா இல்லை, போஸ்டரே அடிச்ச மாதிரி. மேல எங்க படம். கீழ அவரு கைகூப்பி நிக்கிற படம். 'நம்ம முனீஸ் அண்ணனின் புது ராக்கெட் வெற்றிப் பயணம் தொடர அன்புடன் வாழ்த்தும்'னு எழுதி, அடியில அவரு யூனிட் பேரு, போன் நம்பரு. கல்யாணம், காதுகுத்து, எலக்சன், எதுன்னாலும் இந்த ஊர்ல வாழ்த்துப் போஸ்டர் அடிச்சே பழகிட்டாக. நாங்க இன்னும் அந்த வண்டிக்கு அட்வான்ஸ்கூடக் குடுக்கலை.

நல்ல மனசோட செஞ்ச காரியம்தான். ஆனா பாக்குறவுக கண்ணுக்கு எப்பிடி இருக்கும்? எந்தப் பிரிண்டிங் யூனிட்டுக்கு முனீஸ் துணியைக் குடுக்குறானோ, அந்த யூனிட்டு பேரு முனீஸோட புது வண்டிக்குக் கீழ இருக்கு.

திங்கக்கிழமை காலையில மொதலாளி தையல் செக்சனுக்கு வந்தாரு. கோவக்காரருதான், ஆனா பாசக்காரரு. எங்க வீட்டுக்காரகளைக் கண்டா, "முனீசு, வா கண்ணு, டீ குடிச்சியா?"ம்பாரு. அன்னைக்கு என் மிசினுக்குப் பக்கத்துலதான் நின்னு பேசுனாரு.

"ஏனுங்க முனீசு, பெரிய வண்டியாமா?"

"பாத்திருக்கேங்க மொதலாளி. இன்னும் எடுக்கலைங்க. சம்சாரம் போட்ட சீட்டுப் பணம் இருக்கு."

"செரிங்க, செரிங்க. நல்ல வண்டிங்களா?"

"நல்ல வண்டிதாங்க."

"தமிழ்செல்வனுக்கும் நெம்பச் சந்தோசம் போலிருக்குதுங்க" அப்பிடின்னுட்டுப் போயிட்டாரு.

அம்புட்டுதான் பேச்சு. திட்டலை, மொறைக்கலை. 'கண்ணு' போய் 'ங்க' வந்துருச்சு. எனக்கு ஊசி விரல்ல ஏறியிருந்தாக்கூட அப்பிடி வலிச்சிருக்காது.

கெட்ட நேரத்துக்கு அந்த வாரமே ஒரு லாட் மாட்டிக்கிச்சு. வெளிநாட்டுக்குப் போற பிள்ளைக பனியன், நெஞ்சுல கரடிப் படம். தமிழ்செல்வன் யூனிட்ல அடிச்சது. ஆர்டர் குடுத்த பார்ட்டி ஆளுக வந்து தொவைச்சுப் பாத்தா, கரடி மூஞ்சி வெடிச்சு வெடிச்சு உதிருது. ஷிப்மென்ட் நின்னு போச்சு. அடிச்ச பெறகு சூடு சரியாக் காட்டலை, அதுதான் தப்புன்னு தமிழ்செல்வனே வந்து ஒத்துக்கிட்டாரு, திருப்பி அடிச்சுத் தர்றேன்னாரு. முன்னயெல்லாம் இப்பிடி ஒண்ணு நடந்தா மொதலாளி போடுற சத்தம் கேட்டு ரோட்டுல போற நாயி ஓடும். இந்தத் தடவை மூச்சு விடலை. "ஆகட்டுங்க"ன்னாரு. எங்க வீட்டுக்காரக முகம் வெளுத்துப் போச்சு.

மறுநாள்லருந்து ராசப்பன்னு மொதலாளிக்கு மச்சான் முறை ஆகுற ஒருத்தரு எங்க வீட்டுக்காரக கூடவே கார்ல பின்னால வந்தாரு. எந்த யூனிட்டுக்குப் போனாலும், இவுக வெளிய வந்த பெறகு அவரு உள்ள போவாரு. என்ன ரேட்டு, எத்தனை நாளா இந்த ரேட்டு, வேற எதுவும் உண்டான்னு விசாரிப்பாரு. ஊரு பூரா பத்திக்கிச்சு. செக்கிங் டேபிள்ல நான் போனா பேச்சு நிக்கிது. இவுக பிரிச்சுக் குடுத்த மைசூர்பாகைத் தின்ன வாயிகதான் அம்புட்டும்.

எங்க வீட்டுக்காரகளால தாங்க முடியலை. ஒரு நாளு என்கிட்டக்கூடச் சொல்லாம மொதலாளி ரூமுக்குப் போய், "வண்டி வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேங்க மொதலாளி"ன்னு சொல்லிட்டாக. சொன்னா எல்லாம் பழைய மாதிரி ஆயிரும்னு நெனச்ச மனுசன். மொதலாளி கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டுக் கேட்டிருக்காரு.

"ஏனுங்க? நான் ஒண்ணுஞ் சொல்லலீங்களே. உங்க காசு, நீங்க வாங்கறீங்க. மடியில கனமில்லாதவரு யாரு கேட்டா என்னன்னு வாங்குவாருங்களே. ஒரு வார்த்தை கேட்டதும் எதுக்குங்க உட்டீங்க?"

வேப்ப மரத்தடியில தூக்குச்சட்டியைத் தொறக்காமலே இதை அவுக எங்கிட்டச் சொன்னாக. எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு, நாங்க எதுல சிக்கியிருக்கோம்னு. வாங்குனா, கமிஷன் காசுல வாங்குனாம்பாக. வாங்காட்டி, மாட்டிக்கிட்டான், பயந்து விட்டுட்டாம்பாக. நான் திருடலைன்னு சொல்லலாம்னா, மொதலாளி திருடன்னு வாயைத் தொறந்து சொன்னாத்தானே? சொல்லாத வார்த்தைக்கு எங்க போய் மறுப்புச் சொல்றது?

"வண்டியை எடுங்க"ன்னேன்.

"உனக்கென்ன கிறுக்கா?"

"எடுத்தாலும் திருடன், எடுக்காட்டியும் திருடன். எடுத்துட்டே திருடனா இருப்போம். என் சீட்டுக் காசு. நான் ஓவர்லாக்குல காலை மிதிச்சு மிதிச்சுச் சேத்தது. அதுக்கு எவன் கணக்குக் கேக்குறான்னு பாக்குறேன்."

அவுக எந்திரிச்சு மண்ணைத் தட்டிவிட்டாக. "அப்பிடி எடுத்தா, மொதலாளி கையாலதான் சாவி வாங்கணும்."

இந்தப் பக்கத்துல இது ஒரு வழக்கம். கம்பெனி ஆளுக புது வண்டி எடுத்தா, கேட்டுக்குள்ள கொண்டாந்து நிப்பாட்டி, வெத்தலை பாக்குத் தட்டுல சாவியை வச்சு மொதலாளிகிட்ட நீட்டணும். அவரு எடுத்து, "நல்லா இரு"ன்னு கையில குடுப்பாரு. கட்டிங் மாஸ்டருக்குக் குடுத்திருக்காரு, டிரைவருக்குக் குடுத்திருக்காரு. இவுக பழைய வண்டிக்கும் அவருதான் குடுத்தாரு. அம்புட்டு ஆளுக முன்னால மொதலாளி சாவியை எடுத்துக் குடுத்துட்டா, இவன் என் ஆளு, இவன் மேல எனக்கு ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். அதுக்கப்பறம் ஒரு வாயி பேசாது.

"எடுக்காட்டி?"ன்னு கேட்டேன்.

"பதினேழு வருசம் பேச்சி. தட்டை நீட்டுனா தட்டமாட்டாரு." அவுக அதைச் சொன்ன மாதிரி எனக்குத் தைரியம் வரலை.

சீட்டை எடுத்துப் பணத்தைக் கட்டி, அதுக்கடுத்த வெள்ளிக்கிழமை காலையில கதிர்வேலு வீட்டுலருந்து வண்டியை ஓட்டிட்டு வந்தாக. மாலை போட்டு, சந்தனம் வச்சு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சாச்சு. டெய்லருக, செக்கிங் பொம்பளைக, அயனிங் போடுற வடநாட்டுப் பசங்க, எல்லாரும் கேட்டுக்கிட்ட வந்து நின்னாச்சு. யாருக்கும் வண்டியைப் பாக்குற நெனைப்பு இல்லை. மொதலாளி ரூமுக் கதவைத்தான் பாக்குறாக. எங்க வீட்டுக்காரக வெள்ளைச் சட்டை போட்டு, தட்டை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு வெயில்ல நிக்கிறாக.

மொதலாளி வந்தாரு. வண்டியை ஒரு சுத்துச் சுத்திப் பாத்தாரு. "நெம்ப உசரமுங்க"ன்னாரு. எங்க வீட்டுக்காரக தட்டை நீட்டுனாக. மொதலாளி தட்டைப் பாத்தாரு, சாவியைப் பாத்தாரு. கையி வேட்டி மடிப்பை விட்டு ஒரு சாண் வெளிய வந்துச்சு. வந்துருச்சு, எடுத்துட்டாருன்னே நெனச்சேன். அப்பறம் அந்தக் கை தட்டுல இருந்த ஒரு வெத்தலையை மட்டும் எடுத்துச்சு.

"எங்கையால எதுக்குங்க முனீசு? சாமிகிட்ட வெச்சு எடுத்துக்குங்க. நல்லா இருங்க."

எம்புட்டு மரியாதையான பேச்சு பாருங்க. கன்னத்துல அறைஞ்சிருந்தா வாங்கிட்டுப் போயிருப்போம். அவுக தட்டை நீட்டுனது நீட்டுன மேனிக்கே நிக்கிறாக. கீழ எறக்கணும்னுகூடத் தோணலை. நான் கூட்டத்துலருந்து முன்னால போனேன்.

"மொதலாளி, எங்களுக்கு ஒரே ஒரு பதில் வேணுங்க. இவுக மேல சந்தேகம் இருக்கா, இல்லையா? இருக்குன்னா இருக்குன்னு சொல்லிருங்க."

"நான் ஒண்ணுமே சொல்லலீங்களேம்மா."

"சொல்லலைங்க. அதுதாங்க கேக்குறேன். இல்லைன்னாவது சொல்லுங்க."

மொதலாளி வெத்தலையை மடிச்சாரு. காம்பைக் கிள்ளுனாரு. "டைம் ஆச்சுங்க, எல்லாரும் வேலையைப் பாருங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு.

நான் தட்டுலருந்து சாவியை எடுத்து அவுக கையைப் பிடிச்சு உள்ளங்கையில வச்சு மூடுனேன். "இது என் காசு, என் கையாலயே வாங்கிக்கங்க"ன்னேன். அவுக துணிக் கணக்கு எழுதுற கம்பெனி சலான் புக்கை வாட்ச்மேன்கிட்டக் குடுத்தாக. நான் மிசினுக்குப் போய் என் கத்தரிக்கோலை எடுத்துட்டு வந்தேன். எல்லாரும் பாக்க, சேலையைச் சொருகிக்கிட்டு அந்த வண்டியில ஏறுனேன். ரோட்டுக்கு வந்த பெறகுதான் அவுக தோளு குலுங்குறது தெரிஞ்சுச்சு. ஹெல்மெட்டுக்குள்ள அழுதா யாருக்கும் தெரியாது.

அதுக்கப்பறம் பட்ட பாடு வேற. எந்தக் கம்பெனி கேட்டுல போய் நின்னாலும், செங்கோட்டையன் கம்பெனியிலருந்து ஏன் வந்தீங்கங்கிறதுதான் மொதக் கேள்வி. பதிலு கேக்குறவுகளுக்கே தெரியும், வண்டி வாசல்ல நிக்கிதே. ஒளிக்கவா முடியும் அதை? என் தையக்கூலியிலதான் குடும்பம் ஓடுச்சு. கதிர்வேலு சொன்ன கொறை ஒண்ணு பாக்கியில்லாம நடந்துச்சு. அந்த லீவரு மறுபடி ஒடஞ்சு, வண்டி எங்க சந்துல மாசக்கணக்கா நின்னுச்சு. கோவத்துல அதுல நான் துணி காயப் போட்டேன்.

கேரளாவுல துணிக்கடை வச்சிருக்குற ஒருத்தரு, இங்க வந்து துணி வாங்கி, சாயம் போட்டு, தைச்சு அனுப்ப ஒரு ஆளு வேணும்னு தேடி வந்தாரு. சம்பளம் இல்லை, கமிஷன். எங்க வீட்டுக்காரக அந்த வார்த்தையைக் கேட்டதும் மூஞ்சியைச் சுளிச்சாக. நான்தான் சொன்னேன், "மறைச்சு வாங்குனாத்தான் திருட்டு. பில்லுப் போட்டு வாங்குங்க." போர்டு வச்சோம், ஜிஎஸ்டி எடுத்தோம். அப்பறம் ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சு. எந்த ஏஜெண்டுன்னு யாராச்சும் கேட்டா, "அந்த உசரமான வண்டிக்காரர்"னு ஊரே கை காட்டும். பேரைக் கெடுத்த வண்டியே போர்டாப் போச்சு.

போன மாசம் செங்கோட்டையன் மொதலாளி போன் போட்டாரு. பின்னால கார்ல வந்து விசாரிச்ச அந்த ராசப்பன் இருக்காரே, நாலு யூனிட்ல பீசுக்கு இம்புட்டுன்னு வாங்கி மாட்டிக்கிட்டாராம். ஒரு ஆர்டரு அவசரமாம், முனீஸ் பாத்துக் குடுக்கணுமாம். போகாதீகன்னேன். பொழப்பு வேற, கோவம் வேறன்னு சொல்லிட்டு அவுக கெளம்பிப் போயிட்டாக. வர்ற வரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளலை. அரிசியைக் களைஞ்சு களைஞ்சு ஊத்திக்கிட்டே இருக்கேன்.

சாயங்காலம் வந்து வாசல்ல வண்டியை நிப்பாட்டிட்டு உள்ள வந்தாக. ஒரு மாதிரிச் சிரிச்சாக.

"உக்காரச் சொன்னாரு. டீ வாங்கிக் குடுத்தாரு. எத்தனை பர்சென்ட்டுங்கன்னு கேட்டாரு. சொன்னேன். செரிங்கன்னு மறுபேச்சு இல்லாம ஒத்துக்கிட்டாரு. 'இந்தக் காலத்துல நம்பிக்கையான ஆளு எங்கீங்க கெடைக்கறாங்க, நீங்க ஒருத்தருதானுங்க'ன்னாரு."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. பதினேழு வருசம் கமிஷன் வாங்காதவுகளுக்குக் கமிஷன்காரன்னு பேரு. இன்னைக்கு எண்ணி எண்ணி வாங்குறாக, நம்பிக்கையான ஆளுங்குது அதே வாயி. அடுப்பை அமத்திட்டு அவுக முகத்தைப் பாத்துக் கேட்டேன்.

"அன்னைக்கு ஏன் சாவியைத் தொடலைன்னு கேட்டீகளா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

அவுக சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டுனாக. என் பக்கம் திரும்பாமலே சொன்னாக.

"எந்தச் சாவிங்கன்னு கேட்டாரு பேச்சி."